வாத்து எதைப் பார்க்கிறது

“ஐப்பசி இரண்டாம் வியாழன், கூத்தாநல்லூர், மழை” என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. மொபைல் கேம்களுக்கு, ஆப் ஸ்டோரில் தெரியும் முகப்புப் படத்தை வரைபவரை அன்றுதான் சந்தித்தேன். மெலிந்தவர். படத்தை நகத்தளவுக்குச் சுருக்கிவிட்டு, முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் நகர்ந்து பார்ப்பார். ஒரு வாத்து கேமுக்காக அவர் வரைந்த இரண்டு படங்களை கேம் நிறுவனம் ஏற்கெனவே நிராகரித்திருந்தது.

“இதுவும் திரும்பி வந்தா மறுபடி துபாய்க்கு வேலைக்குப் போக வேண்டியதுதாங்க,” என்றார்.

மூன்றாவது படத்தில் வாத்தின் கண்ணை மட்டும் சற்று நகர்த்தியிருந்தார். அது என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தது.

“வாத்து ஆளை நேரா பாத்தா, ஜனங்க தாண்டிப் போயிடுவாங்க. அவங்களுக்குப் பின்னாடி பாத்தா, என்னன்னு படத்தைத் தொட்டுப் பாப்பாங்க.”

“ஏங்க, பின்னாடி நரி வருதா?”

“தெரியாதுங்க. வரையும்போது நான் திரும்பிப் பாக்குறதில்ல.”

அந்தப் படம் தேர்வானது. ஆனாலும் அவர் அதே வாரம் துபாய்க்குப் போய்விட்டார் என்கிறார்கள். இதை இன்னும் என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.