அறுபத்திரண்டு ஓம்

மக்களின் சுகாதாரப் பழக்கங்களைப் பற்றிய ஆய்வுக்காக, தன் ஊரில் வீடு வீடாகப் போய் சிவலட்சுமி நிரப்பிய படிவங்கள் அறுபத்திரண்டு. ‘பானையில் எடுத்துவைக்கும் கிணற்றுத் தண்ணீருக்குக் கிருமி கொல்லும் குளோரின் குளிசை போடுகிறீர்களா?’ என்ற கேள்விக்கு அறுபத்திரண்டிலும் ‘ஓம்’ என்றே பதில். அகதி முகாமிலிருந்து திருக்கேதீஸ்வரத்துப் பக்கம் மீளக்குடியேறிய சனம் வேறு என்ன சொல்லும்? கடதாசியோடு யார் வந்து கேட்டாலும் தலையாட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வில்லங்கம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடுமா? முதல் ‘ஓம்’ சிவலட்சுமியின் சொந்த வீட்டுக்குரியது. அதுவும் பச்சைப் பொய்.

இப்போது ஆசுப்பத்திரிக் கட்டிலில் அவளுடைய நாலு வயது மகள் அபிசா வாடிய கீரைத்தண்டாகக் கிடந்தாள். விடிந்ததிலிருந்து வயிற்றோட்டம். கண்கள் உள்ளே போய்விட்டன. பக்கத்துக் கட்டில்களில் அதே ஊர்ப் பிள்ளைகள் இன்னும் மூன்று பேர்.

“தண்ணியில பிழை இருக்காது. எல்லா வீட்டிலயும் குளிசை போடினம் எண்டு உங்கட ஆய்வில இருக்கு,” என்றார் டொக்டர். “சாப்பாட்டைத்தான் பாக்கவேணும். நீங்களும் போடுறனீங்கள்தானே?”

‘ஓம்’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் வேலை பறிபோகாது. ஆனால் ஊர் அந்தப் பொதுக் கிணற்றுத் தண்ணீரையே அள்ளிக் குடிக்கும். அவள் மகளின் குழிவிழுந்த கண்களைப் பார்த்தாள்.

“இல்லை டொக்டர். ஒருத்தரும் போடுறேல்லை. எல்லாம் பொய்.”

ஆய்வுக்குப் பொறுப்பான அன்ரோனெற் செய்தி கேட்டுப் பள்ளிமுனையிலிருந்து ஓடிவந்தாள். ஏச்சு விழப்போகிறது என்று சிவலட்சுமி தலையைக் குனிந்தாள்.

“ஏன் அக்கா போடேல்லை?” என்று மட்டும் கேட்டாள் அன்ரோனெற்.

“அந்தக் குளிசை மணம்... முகாமில அந்த மணத் தண்ணியைக் குடிச்சுக்கொண்டிருக்கேக்கதான் என்ர மூத்தவன் கபிலன் செத்தவன். அவனுக்கும் வயித்தாலைதான் போனது. தண்ணியில குற்றமில்லை எண்டு தெரியும். ஆனா மணந்தா அவன்ர முகம் வருது. கை போகுதில்லை.” சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள்.

கிணறு அன்றே இறைத்துச் சுத்தமாக்கப்பட்டது. அன்ரோனெற் பழைய படிவங்களைக் கட்டி மூலையில் போட்டாள். ‘போடுகிறீர்களா’ என்று கேட்காமல், ‘என்ன பிடிக்கவில்லை’ என்று வீடு வீடாகப் போயிருந்து கதை கேட்டார்கள். பாதிச் சனம் முகாம் மணம் என்றது. பின்னேரமே குளிசை போட்டு, பானை வாயை மெல்லிய துணியால் கட்டிவைத்தால் காலையில் மணம் அடங்கும் என்று பெண்களே பார்த்துச் சொன்னார்கள்.

அபிசா ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள். சிவலட்சுமி குளிசை போட்டு வைத்த பானையிலிருந்து முதலில் தனக்கு மொண்டாள். மணம் முழுதாகப் போகவில்லை. கபிலனின் முகம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு விழுங்கினாள். பிறகு மகளிடம் கோப்பையை நீட்டினாள்.

“குடி, குஞ்சு.”

அபிசா ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

“இன்னும் தாங்கோ அம்மா.”