பால்குடத்தில் கொசுப்புழு

அடுத்தவர் வீட்டுக்குள் டார்ச் லைட் அடித்துக் கொசுப்புழு தேடுவது என் பிழைப்பு; மலேசியாவில், ஈப்போ நகரத்துச் சுகாதார ஆய்வாளர் நான். கதவைத் தட்டினால் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஆளில்லாத மாதிரி நடிப்பார்களே, அந்த அவமானம் பட்ட விற்பனையாளர்களே, மீட்டர் பார்ப்பவர்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கழிவறைப் பக்கத்து மேசை

குனோங் ராபாட்டில் ஓர் இடைநிலைப்பள்ளி. மருத்துவத் துறை வேலைகளை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தக் கூப்பிட்டார்கள். டாக்டருக்கு மேடை, மாலை, படம் எடுக்கக் கூட்டம். எனக்குக் கழிவறை ஓரமாக ஒரு மேசை. போங்கடா என்று புழுப் போத்தலை வைத்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்தேன்.

வந்தது ஒரே ஒருத்தி. ஐந்தாம் படிவ மாணவி, பதினேழு வயது, பெயர் தர்ஷினி. போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இது எத்தனை நாளில் கொசுவாகும், எங்கே முட்டையிடும் என்று கேள்வியாகக் கேட்டாள். எனக்கு மனசு நிறைந்துபோனது. அதற்குள் அவள் அம்மா வந்து, கொசுப்புழுவின் மலாய்ப் பெயரையே எனக்குச் சூட்டி, அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"டாக்டருக்குப் படிக்கப்போற பிள்ளைக்கு ஜெந்திக்-ஜெந்திக்கிட்ட என்னலா வேலை? வா இங்க!"

டயர் வீடு

அந்தச் சனிக்கிழமை, பள்ளி ஏற்பாட்டில் மாணவர்கள் சிலரை வீட்டுச் சோதனைக்கு அழைத்துப் போனேன். அம்மா தடுத்தும் தர்ஷினி வந்துவிட்டாள். ஒரு வீட்டுக்காரர், "எங்க வீட்டுல ஒன்னுமில்ல, கெளம்புங்க" என்று விரட்டினார். வந்ததே எனக்குக் கோபம்! நான் வாய் திறக்குமுன் தர்ஷினி குனிந்து பழைய மோட்டார் டயருக்குள் டார்ச் அடித்தாள். உள்ளே புழு குடும்பத்தோடு குடியிருந்தது. அபராதச் சமன் எழுதி நீட்டினேன், மனிதர் அசரவில்லை.

"முன்னாலயே சொல்லிட்டு வந்திருந்தா கழுவி வெச்சிருப்பேன்லா!"

சாமி செம்பு

வரிசையில் கடைசி வீடு தர்ஷினியுடையது. பின்கட்டுச் சுவரில் ஒரு பித்தளைச் செம்பு. மகளுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்க வேண்டுமென்று, தைப்பூசத்துக்கு அம்மா பால்குடம் எடுத்த செம்பு. கழுவி வெயிலில் வைத்தவர் எடுக்க மறந்துவிட்டார், மழை நிரப்பிவிட்டது.

தர்ஷினி டார்ச் அடித்தாள். அப்படியே நின்றாள். புழு நெளிவதை நானும் பார்த்தேன், பார்க்காதவள் போல் நின்றேன். சத்தமில்லாமல் கொட்டியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன், சத்தியமாக. அவளோ சொட்டுக்குழாயால் புழுவை உறிஞ்சிப் போத்தலில் விட்டு என்னிடம் நீட்டினாள். "அக்கா, எங்க வீட்டுக்கும் சமன் எழுதுங்க."

"அடிப்பாவி! ஒன் சீட்டுக்குத்தான்டி அதைத் தூக்குனேன்! சொந்த வீட்டையே காட்டிக் குடுப்பியா?" அம்மா அழுதேவிட்டார். தர்ஷினிக்கும் கண் கலங்கியது. ஆனாலும் செம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டுத்தான் பேசினாள்.

"டாக்டரானா ஒங்களுக்கு வந்த வியாதிய மறைப்பேனாம்மா? இதையும் மறைக்க மாட்டேன். நான் படிக்கப்போறது இந்த வேலைக்குத்தான்."

அந்த வீட்டுக்கும் சமன் எழுதினேன், அம்மா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை, மகள் சுகாதார ஆய்வாளர் படிப்புக்கு விண்ணப்பமே போட்டுவிட்டாள். ஆகவே பள்ளிக்கூடத்தாரே, அடுத்த வருஷமும் மாலையும் மேடையும் டாக்டருக்கே இருக்கட்டும், ஆள் பிடிக்க எனக்கு அந்தக் கழிவறைப் பக்கமே போதும்.