முந்தானை வைத்த காற்றாடி

போன வாரம் காஞ்சிபுரம் போகிற வழியில் பஸ் நின்றுவிட்டது. எதிரே ஒரு லாரியில் காற்றாலை இறக்கை ஒன்று, வளைவில் திரும்ப முடியாமல் சாலையை அடைத்துக்கொண்டு கிடந்தது. பக்கத்து சீட்டு இளைஞன் எனக்குப் பாடம் எடுத்தான்: “இறக்கை ஒரு கம்பெனி சார், டவர் ஒரு கம்பெனி, கியர் வேற ஊரு. பெரிய நெட்வொர்க்!” அடப்பாவி, யாரிடம் சொல்கிறாய்! அறுபதுகளின் கடைசியில் அந்த நெட்வொர்க்கை வாடகை சைக்கிளிலேயே நடத்தியவன் நான்.

அப்போது காஞ்சிபுரத்தில் ஓர் இரும்புப் பட்டறையில் எனக்கு வேலை. ஜன்னல் கம்பி அடித்துக்கொண்டிருந்த முதலாளி, துணிப்பாய் கட்டிய காற்றாடி ஒன்று கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற படத்தை ஏதோ பத்திரிகையில் பார்த்துத் தொலைத்தார். போதாதா? சாமான் சேர்ப்பது என் தலையில் விழுந்தது. அச்சு, ஓடாத லாரியிலிருந்து வந்தது. மரச்சட்டம், தேர் வேலை செய்யும் ஆசாரியிடமிருந்து. மனிதர் நடுவில் ஒரு தாமரையைச் செதுக்கியே கொடுத்தார். பாய்த்துணிக்கு அலையவே வேண்டாம், எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் தறி.

என் தெருவில் பட்டு நெய்த ஏகாம்பரத்திடம், கெட்டி நூலில் நீளமாக ஒரே துணி கேட்டேன், ஆறு பாயாக வெட்டிக்கொள்ளலாம் என்று. கஞ்சி வாசனையோடு வந்தது துணி. விரித்தால், கடைசியில் தகதகவென்று சரிகை முந்தானை! மயில் வேறு.

“இன்னாண்ணே இது?”

“முந்தானை போடாம தறியிலேந்து துணி அறுத்ததே இல்லபா. கை வரமாட்டேங்குது.”

“காத்தாடிக்கு எதுக்குண்ணே?”

“பாக்கறவன் மொட்டைத்துணி எவன் நெய்ஞ்சான்னு என்னைத்தானே கேப்பான்?”

எங்களுக்கு ஒரே வாடிக்கையாளர், பக்கத்துத் தாமல் கிராமத்து விவசாயி ஆதிமூலம். கிணற்றில் தண்ணீர் இருந்தது. இறைக்கிற மாடு கால் ஒடிந்து படுத்திருந்தது. நாற்றங்கால் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. மச்சானிடம் ஆயில் எஞ்சின் உண்டு. அவனிடம் போய் நிற்பதைவிட நாற்று காயட்டும் என்பது ஆதிமூலத்தின் கட்சி.

“என் தம்பியக் கேட்டா கொறஞ்சா பூடுவ? ரோஷத்த வடிச்சி ஊத்தட்டுமா சோத்துக்கு?” என்பாள் அவர் மனைவி சரோஜா.

காற்றாடியை ஏற்றிக் கற்பூரம் காட்டினோம். சக்கரம் அரைச் சுற்று போனது, நின்றது. தள்ளிவிட்டோம், மறுபடியும் அப்படியே. ஆறு பாயில் ஒன்றுக்கு மட்டும் சரிகைக் கனம். அது கீழே வந்ததும் மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்துவிடும். இடுப்பில் குடத்தோடு நின்ற சரோஜா நிமிர்ந்து பார்த்தாள்.

“என் கல்யாணத்துக்கே சரிகை எடுக்கல. காத்துக்கு மயில் போட்ட முந்தானையா! அதான் மகராசி நகரமாட்டேங்குறா.”

முந்தானையை வெட்டிவிடலாம் என்றேன். கூட வந்திருந்த ஏகாம்பரத்துக்கு முகமே செத்துவிட்டது. “வாணாம்பா. எதிர்ப் பாய்க்கும் ஒண்ணு நெய்ஞ்சித் தரேன், சமமாப் பூடும்” என்று பஸ் பிடித்து ஓடினார். அவர் திரும்பி வரும்வரை நாங்களெல்லாம் குடத்தில் மொண்டு நாற்றுக்கு ஊற்றினோம். சரோஜா எல்லாரையும் திட்டிக்கொண்டே ஊற்றினாள்.

இரண்டாவது முந்தானையைக் கட்டிய சாயங்காலம் ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. சக்கரம் அரைச் சுற்று போனது. சரிகைப் பாய் கீழே வந்தது. மேலே ஏறியது, இறங்கியது, நிற்கவே இல்லை. குழாய் செருமிக்கொண்டு செம்மண் தண்ணீரைத் துப்பியது. ஆதிமூலம் வேட்டியோடு வாய்க்காலிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் கண் கலங்கிப்போனது.

“காத்துக்கு ரெண்டு முந்தானை. எனக்கு?” என்றாள் சரோஜா.

அறுப்பு முடிந்ததும் அவளுக்குப் பட்டுப்புடவை நெய்தார் ஏகாம்பரம். இரண்டு முனையிலும் முந்தானை! “ஒரே பக்கம் கனம் சாயக்கூடாதுபா” என்றார். உள்ளே செருகவேண்டிய மயிலை வெளியே தெரிகிற மாதிரி இடுப்பில் செருகிக்கொண்டு, தம்பி வீட்டு விசேஷத்துக்கெல்லாம் அதையே கட்டிக்கொண்டு போனாள் அந்தப் புண்ணியவதி.

பிறகு தாமலுக்குக் கரண்ட் வந்தது, மோட்டார் வந்தது, காற்றாடி இறங்கியது. பட்டறை இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. ஏகாம்பரமும் இல்லை.

ஒருவழியாக லாரி திரும்பி பஸ்ஸை உரசினாற்போல் போனது. இறக்கைதான் எத்தனை நீளம்! நான் ஜன்னலில் தலையை நீட்டி, நுனி வரைக்கும் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று மொட்டையாக முடிந்துவிட்டது. அறுக்க எப்படித்தான் கை வந்ததோ.