வாழைப்பழத்துக்கு வெள்ளைக்கல் மேடை

வடக்கனந்தலில் நாங்கள் கட்டும் புது வீட்டுச் சமையலறையின் நடுவே ஒரு மேடை வரப்போகிறது. வெள்ளைக்கல் இரண்டு பக்கமும் அருவி மாதிரி தரைவரை இறங்குமாம். கணவரின் கனவு.

இன்று கள்ளக்குறிச்சிக்குக் கல் பார்க்கப் போனோம்.

கடைக்கார பாய் உண்மையைச் சொன்னார். "மஞ்சள், புளி பட்டா கறை போவாது சார்."

கணவர் அசரவில்லை. "வீட்டுக்குப் பின்னாடி ஷீட்டு போட்டு அங்க ஆக்கிக்கலாம் பாய்."

"அப்போ இது மேல இன்னா வெக்கிறதுங்க?" என்றேன்.

"வாழப்பழம் வெக்கலாமே."

வாழைப்பழத்துக்குப் பளிங்கு மண்டபம், எனக்குத் தகர ஷீட். நியாயமான பங்கீடு.

கிரகப்பிரவேசத்துக்கு அவசியம் வாருங்கள். பழத்தைத் தரிசித்துவிட்டுப் பின்பக்கம் வந்தால், நான் பால் காய்ச்சிக்கொண்டிருப்பேன்.

மொய் வேண்டாம். ஆளுக்கொரு விசிறி கொண்டுவாருங்கள்.