சம்பந்தியம்மா கேட்ட மாத்திரை

சோபா செய்யும் பட்டறையில் அவளை எல்லோரும் ஆணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மரச்சட்டத்தின் மேல் ஸ்பாஞ்சை வைத்து, துணியை இழுத்துப் பிடித்து, சுருக்கம் விழாமல் ஆணி அடிப்பது அவள் வேலை. உதட்டில் ஆணிகளைக் கவ்விக்கொண்டே வீட்டுக்கதை, நாட்டுக்கதை எல்லாம் பேசுவாள். ஒன்றுகூட இதுவரை உள்ளே போனதில்லை.

விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கியதும் அந்த இழுப்புப் போயிற்று. காலையில் விரல்கள் மடங்காது. டாக்டர் பார்த்துவிட்டு மூட்டுவாதம் என்றார். வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் மாத்திரை எழுதுவதற்கு முன்னால் துருவித் துருவிக் கேட்டார்: வயிற்றில் புண் வந்திருக்கிறதா, பிரஷர் உண்டா, இதயம், கிட்னி எப்படி, வேறென்ன மாத்திரை போடுகிறாள் என்று.

“சாப்பிட்ட பிறகுதான் போடணும். வலி ஜாஸ்தின்னு நீங்களா கூட்டக் கூடாது. தலைவலிக்குக் கடையில வேற வலி மாத்திரை வாங்கி அதோட சேர்க்கக் கூடாது. மலம் தார் மாதிரி கறுப்பாப் போனா நிறுத்திட்டு நேரா இங்க வாங்க.”

வயிற்றைக் காக்க இன்னொரு மாத்திரையும் கொடுத்தார். அவர் சொன்னபடியே ஆணியக்கா நடந்தாள். சில வாரங்களில் சுத்தியல் மறுபடி அவள் கைக்கு அடங்கியது.

அந்தச் சமயத்தில்தான் மருமகளுக்குக் குழந்தை பிறந்து, ஒத்தாசைக்கு அவளுடைய அம்மா வந்து தங்கினாள். நல்ல மனுஷிதான். ஆனால் பால் காய்ச்சுவது முதல் கதவு சாத்துவது வரை எல்லாவற்றிலும் அவளுக்கு ஒரு சொல் இருக்கும். சம்பந்தியாயிற்றே, ஆணியக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி. ஒருநாள் கேட்டே விட்டாள்.

“உங்க மாத்திரை ரொம்ப நல்லா கேக்குது போல இருக்கே. எனக்கும் ஒன்னு குடுங்களேன்.”

“உங்களுக்கு இதயத்துல வால்வு மாத்தியிருக்காங்க அண்ணி. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை வேற போடுறீங்க. உங்க டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுடலாமே.”

“ஒரு மாத்திரைக்கு டாக்டரா?” என்று சம்பந்தியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். “வாய் விட்டுக் கேட்டதுக்கு ஒன்னு குடுத்தா என்ன குறைஞ்சிடும்?” என்று மருமகள் தன் புருஷனிடம் முணுமுணுத்தது கூடம் வரை கேட்டது. அன்றிலிருந்து வீட்டில் தட்டு வைக்கும் சத்தம்கூட ஒரு மாதிரியாக இருந்தது.

அடுத்த வாரம், இன்னும் நாள் இருக்கும்போதே மாத்திரை அட்டை காலியாகும் நிலைக்கு வந்துவிட்டது. ஆணியக்கா அட்டையைத் திருப்பித் திருப்பி எண்ணினாள். மறதியில் நானே ரெண்டு தடவை விழுங்கிவிட்டேனோ? பட்டறையில் அன்று முழுக்க வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஒரு திண்டுக்கு உறையைத் தலைகீழாக அடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாஷ்பேசினில் பற்பசை நுரை ரத்தம் கலந்து இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்தது. அவளுக்கு முன்னால் பல் தேய்த்தது சம்பந்தியம்மா. சமையலறைக்குப் போனால், முழங்கைக்கு மேல் அந்த அம்மாவுக்கு உள்ளங்கையளவு கன்றிப்போயிருந்தது. முகம் வெளிறி, அலமாரியைப் பிடித்தபடி நின்றாள்.

குறைந்துபோன மாத்திரை அட்டை ஆணியக்காவுக்கு நினைவு வந்தது. கேட்டால் திருடி என்றதாகிவிடும். கேட்காவிட்டால்?

“அண்ணி, மலம் கறுப்பாப் போகுதா?”

சாப்பிட்டுக்கொண்டிருந்த மகனுக்குப் புரையேறியது.

“என்ன பேச்சு இது, காலங்காத்தால!” என்றாள் சம்பந்தியம்மா.

“போகுதா, இல்லையா?”

“ரெண்டு நாளா... அதனால என்ன?” சட்டென்று சம்பந்தியம்மாவுக்குக் குரல் ஏறியது. “என்ன சொல்ல வர்றீங்க? உங்க மாத்திரையை நான் எடுத்தேன்னா?”

மருமகளின் முகம் சிவந்தது. “அத்தை, எங்கம்மாவை எப்படி நீங்க...”

இனி ஒரு வார்த்தை பேசினால் அந்த அம்மா இடத்தை விட்டு அசையமாட்டாள் என்று ஆணியக்காவுக்குப் புரிந்தது. “அவங்க எடுக்கல. நான்தான் குடுத்தேன். மனசு கேக்காம, யாருக்கும் சொல்லாம குடுத்துட்டேன். தப்பு என்னோடது. இப்ப ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க” என்றாள்.

சம்பந்தியம்மா அலமாரியை விட்டுவிட்டுச் செருப்பைத் தேடினாள். மகன் வண்டி பிடிக்க ஓடினான்.

அவசரப் பிரிவில் இருந்த பெண் டாக்டர் சின்ன வயசு. ஆணியக்காவை வாங்கு வாங்கென்று வாங்கினாள். “ஒருத்தருக்கு எழுதினதை இன்னொருத்தருக்குக் குடுப்பீங்களா? ரத்தம் உறையாத மாத்திரையோட இது சேர்ந்தா வயித்துக்குள்ள ரத்தம் கசியும். உயிரே போயிருக்கும், தெரியுமா?”

“தெரியும்மா” என்று ஆணியக்கா தலைகுனிந்தாள். மருமகளின் பார்வை முதுகில் குத்தியது.

“ஒரு நாளைக்கு எத்தனை குடுத்தீங்க? கடைசியா எப்ப?”

ஆணியக்கா விழித்தாள். கொடுத்திருந்தால்தானே தெரியும். “ஒன்னு... ஒன்னுன்னுதான் நினைக்கிறேன்.”

“நினைக்கிறீங்களா? எனக்குச் சரியாத் தெரியணும்மா. அதை வெச்சுதான் வைத்தியம்.”

கட்டிலிலிருந்து ஒரு குரல், மெலிதாக: “ரெண்டு. காலைல ஒன்னு, சாயங்காலம் ஒன்னு, சில நாள் வெறும் வயித்துல. இன்னைக்குக் காலைலயும் போட்டேன். நானேதான் எடுத்தேன் டாக்டர். இவங்க குடுக்கல. வேண்டாம்னுதான் சொன்னாங்க.”

மருமகள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

அன்று ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்ததில் புண் ஒன்று கசிந்துகொண்டிருந்தது, அதை அடைத்தார்கள். வால்வுக்கான மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, அதுவும் ஆபத்து என்று சொல்லி, இதய டாக்டரே அளவைப் பார்த்துப் பார்த்து மாற்றினார். முழங்காலுக்கு, அவள் உடம்புக்கு ஒத்துவரும் வேறு மருந்தும் பயிற்சியும் சொன்னார்கள். அந்த நாட்களில் வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டியது ஆணியக்காதான். மருமகள் சோப்பை எடுத்துக் கொடுத்தாள், துண்டை எடுத்துக் கொடுத்தாள். கடைசியில், “அத்தை, நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது” என்றாள். “தலையைப் பிடி, தண்ணி காதுல போகுது” என்றாள் ஆணியக்கா.

சம்பந்தியம்மா ஊருக்குக் கிளம்பிய அன்று, வாசல் வரை வந்து, ஆணியக்காவின் வீங்கிய விரல்களைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. ஏதோ சொல்லப்போகிறாள் என்று ஆணியக்கா காத்திருந்தாள்.

“பாலை இன்னும் கொஞ்சம் சிம்மில வெச்சுக் காய்ச்சுங்க அண்ணி” என்றாள்.