சிவப்பு நூலில் ஒன்பது தையல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் கையால் தைத்தது, என் காதால் கேட்டது.

பாரிஸில் ஓர் ஆப்பெரா அரங்கில் இசைப் பிரதி எழுதுவது என் வேலை. 1868, ஜனவரி ஒன்பது. மாலையில் இசையமைப்பாளர் வொத்ரேலின் புதிய ஆப்பெரா அரங்கேற்றம். அவரோ நெஞ்சு நோயோடு, கற்பூரத் தைலம் தடவிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார். இறந்துபோன மகளுக்காக அவர் எழுதிய தாலாட்டு நாலாம் அங்கத்தில் வந்தது. "அதை மட்டும் வெட்ட விட்டுடாதம்மா ஓனரீன்" என்று கேட்டிருந்தார். வாக்குக் கொடுத்திருந்தேன்.

இரண்டு மணிக்கு நிர்வாகி பரோதே வந்தார்.

"தாலாட்டைத் தூக்கிடு. ஜனங்க தூங்கிடுவாங்க."

"தாலாட்டு வேற எதுக்கு மெஸ்யே?"

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. தைக்கிறியா, வேற ஆளைப் பார்க்கட்டுமா?"

வெட்டிய பகுதியை நாங்கள் கிழிப்பதில்லை. அந்தப் பக்கங்களைச் சேர்த்துத் தைத்துவிடுவோம். தைத்திருந்தால் தாண்ட வேண்டும், திறந்திருந்தால் வாசிக்க வேண்டும். அதுதான் வழக்கம்.

2.40. இசைக்குழு நடத்துநரின் பிரதியில் சிவப்பு நூலால் ஒன்பது தையல் போட்டேன். அடுப்பில் கரி போடத் திரும்பினேன்.

டக்.

தையற்காரிகள் பல்லால் நூலைக் கடித்து அறுப்பார்களே... அந்தச் சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. கத்தரிக்கோல் என் இடுப்பில்தான் தொங்கியது.

டக்... டக்...

எண்ணினேன். ஒன்பது.

பக்கம் மெல்லப் புரண்டது.

கற்பூரத் தைல வாசனை.

மணி 3.05.

மேசையில் துண்டு நூல்கூட இல்லை.

மறுபடி தைக்க என் கை எழவில்லை. மாலையில் தாலாட்டு ஒலித்தது. அரங்கமே அழுதது. "நாளையிலேர்ந்து வராதே" என்றார் பரோதே.

போகட்டும். சேதி சொல்ல வொத்ரேல் வீட்டுக்கு ஓடினேன். அவர் மனைவி ஓதீல் கறுப்பு உடையில் கதவைத் திறந்தாள்.

"காலையில பதினோரு மணிக்கே போயிட்டார். அரங்கேற்றம் நின்னுடக் கூடாதுன்னுதான் யார்கிட்டயும் சொல்லல."

என்னை உள்ளே அழைத்துப் போனாள்.

"நானேதான் தாடையைத் துணியால கட்டினேன். மூணு மணிக்கு அப்புறம் பார்த்தா அவிழ்ந்து கிடக்கு. பல்லிடுக்குல சிவப்பா ஏதோ... ரத்தம்னு நெனச்சுத் துடைச்சேன், ஓனரீன்."

கைக்குட்டையை விரித்துக் காட்டினாள்.

நூல் துண்டுகள்.

ஒன்பது.