பின்சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச்

எங்களிடம் இருந்தது ஒரு பழைய ஃபியட். அதைத் திருட வருகிறவன் தள்ளுவதற்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அந்த வண்டிக்குப் போய் என் வீட்டுக்காரர் திருட்டு அலாரம் மாட்டினார். கப்பலில் வேலை பார்த்த கொழுந்தன் லீவில் வந்தபோது சிங்கப்பூரிலிருந்து அந்தப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அண்ணனும் தம்பியும் வண்டிக்கு அடியில் படுத்தவர்கள், சாயங்காலம்தான் எழுந்தார்கள்.

வீட்டுக்குள் இருந்தபடியே வண்டியை ஸ்டார்ட் செய்ய நீள வயரில் ஒரு பட்டனும் வைத்தார்கள். வண்டி கியரில் நிற்பதை மறந்து அமுக்கிவிட்டார்கள். ஆளில்லாத ஃபியட் ஒரு துள்ளுத் துள்ளி என் செம்பருத்தித் தொட்டியை நொறுக்கியது. பட்டனை அன்றைக்கே பிடுங்க வைத்தேன். அலாரம் மட்டும் தங்கிவிட்டது.

அதற்கு ஒரு ரகசிய ஸ்விட்ச் உண்டு. கதவைத் திறந்ததும் அதை அணைக்காவிட்டால் ஹாரன் அலறும், வண்டியும் ஸ்டார்ட் ஆகாது. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“உனக்கு எதுக்குளா? உன் வாயில நிக்காது. வண்டி வேணும்னா சொல்லு, நான் அணைச்சுத் தாரேன்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது எனக்கு.

அந்த மாதமே ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. நாலு வருஷம் காத்திருந்த வேலை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் சேராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். “பஸ் எதுக்கு? கார்லயே போ” என்று பெருமையாகச் சொன்ன மனுஷர், கப்பல் வந்துவிட்டதென்று அன்றைக்கு விடிந்தும் விடியாமலும் சைக்கிளில் ஹார்பர் வேலைக்குப் போய்விட்டார். ஸ்விட்சை அணைக்க மறந்தே போனார்.

எட்டரை மணிக்குப் புதுச்சேலையோடு கதவைத் திறந்தேன். ஹாரன் தெருவையே கூட்டியது. முன்னால் இருந்த இண்டு இடுக்கெல்லாம் தடவிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பஸ்ஸும் போயிருந்தது. நடுத்தெருவில் நின்று அழுதேவிட்டேன்.

அப்போதுதான் மீன்கார அக்கா வந்தாள். கூடையை இறக்கி வைத்தாள், பின்சீட்டைத் தூக்கினாள், உள்ளே கையை விட்டாள். ஹாரன் நின்றது.

“உனக்கு எப்படிக்கா தெரியும்?”

“அண்ணாச்சி போன வாரமே காட்டித் தந்தாவளே. யார்ட்டயும் சொல்லாதன்னு வேற சொன்னாவ. நான் மூச்சு விடலியே.”

“எங்களுக்கும் காட்டினாவ” என்றார் டீக்கடைக்காரர். பக்கத்தில் நின்ற சலூன்காரரும் தலையாட்டினார். எங்கள் தெருவில் அந்த ஸ்விட்ச் யாரிடமிருந்து ஒளித்து வைக்கப்பட்டது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டேன். வழி நெடுக வண்டிக்குள் அக்காவின் கைபட்ட சீலா மீன் வாடை; அன்றைக்கு அது மல்லிகைப்பூவாக மணத்தது.

திரும்பி வரும் வழியிலேயே எலக்ட்ரீஷியனிடம் நிறுத்தி ஸ்விட்சை இடம் மாற்றினேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் ஹாரன் அலறியது. வீட்டுக்காரர் வேர்த்து விறுவிறுக்க உள்ளே வந்தார்.

“ஏளா, எங்க மாத்தி வச்சிருக்க?”

நான் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னேன்: “மீன்கார அக்கா எட்டரைக்கு வருவா. அவகிட்ட கேட்டுக்கிடுங்க.”